வீட்டு வலுப்பயிற்சிக் கருவிகள்

வீட்டு வலுப்பயிற்சிக் கருவிகள் என்பன, உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்லாமல் வீட்டிலேயே தசைகளின் வலுவைப் பெருக்கிக்கொள்ளப் பயன்படும் கருவிகள் ஆகும். டம்பெல், பார்பெல், கெட்டில்பெல், மீள்பட்டை, புல்-அப் கம்பி, பெஞ்சு முதலியன இவற்றுள் அடங்கும். தமிழகத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் கர்லாக்கட்டையும் இவ்வகையைச் சேர்ந்ததே.

இக்கருவிகள் தாமாக வலுவைத் தருவதில்லை. தசையானது தான் பழகிய சுமையைவிடச் சற்றுக் கூடுதலான சுமையை மீண்டும் மீண்டும் சந்திக்கும்போதே வலுப்பெறுகிறது. ஆகவே ஒரு கருவி பயன் தருமா என்பதை அதன் விலையோ தோற்றமோ முடிவு செய்வதில்லை. அக்கருவியில் சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்ட முடியுமா என்பதும், பயன்படுத்துபவர் அவ்வாறு கூட்டிவருகிறாரா என்பதுமே முடிவு செய்கின்றன. இக்கட்டுரை இப்பயிற்சியின் வரலாறு, அறிவியல் அடிப்படை, நடைமுறை ஆகியவற்றை, தாம்பரம் உள்ளிட்ட சென்னையின் தெற்குப் புறநகர்ச் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

தேவை

வலுப்பயிற்சி என்பது மல்லர்களுக்கும் உடற்கட்டுப் போட்டியாளர்களுக்கும் மட்டும் உரியது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் உலக சுகாதார அமைப்பு 2020 ஆம் ஆண்டு வெளியிட்ட உடலியக்க வழிகாட்டுதல்களில், வயதுவந்தோர் அனைவரும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கத்தில் ஈடுபடுவதுடன், வாரத்தில் இரண்டு நாட்களேனும் முக்கியத் தசைகள் அனைத்துக்கும் வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்துள்ளது. நடைப்பயிற்சி முதல் தேவையை நிறைவு செய்யும். இரண்டாவதை அது நிறைவு செய்யாது.

இந்தியர்களுக்கு இது கூடுதல் முக்கியத்துவம் உடையது. ஒரே உயரமும் எடையும் கொண்ட ஐரோப்பியருடன் ஒப்பிடும்போது, தெற்காசியரின் உடலில் பொதுவாகக் கொழுப்பு மிகுந்தும் தசை குறைந்தும் காணப்படுகின்றன. உணவுக்குப் பின் குருதியில் சேரும் சர்க்கரையைப் பெருமளவில் உள்வாங்குவது எலும்புத் தசையே ஆகும். எனவே தசை குறைவதும் அது செயலற்றிருப்பதும் நீரிழிவுக்கு வழிவகுக்கும் காரணங்களுள் சேர்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023 இல் வெளியான நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் வயதுவந்தோருள் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. தமிழ்நாட்டில் இது 14.4 விழுக்காடு ஆகும்.

முதுமையிலும் இப்பயிற்சி பயன் தருகிறது. நடுத்தர வயதுக்குப் பின் தசையின் அளவும் வலுவும் படிப்படியாகக் குறைகின்றன. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, படியேறுவது, தடுமாறும்போது விழாமல் நிற்பது ஆகிய மூன்றுமே கால் தசைகளின் வலுவைச் சார்ந்தவை. 1990 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஏறத்தாழ 90 வயதுடைய முதியோர் இல்லவாசிகள் 10 பேருக்கு 8 வாரம் கால்களுக்கான எடைப்பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சியை முடித்த 9 பேரின் தொடைத் தசை வலு சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. எந்த வயதிலும் தசை பயிற்சிக்கு இணங்கும் என்பதற்கு இது இன்றளவும் எடுத்துக்காட்டாகக் காட்டப்படுகிறது.

வரலாறு

தமிழக மரபு

தென்தமிழகச் சிற்றூர்களில் காணப்படும் இளவட்டக்கல், ஊர் இளைஞர்களின் வலுவைச் சோதிக்கும் உருண்டைக் கல் ஆகும். தரையிலிருந்து கல்லைத் தூக்கித் தோள்வழியாகப் பின்னால் போடுவது வழக்கம். திருமணத்துக்கு முன் மாப்பிள்ளை இக்கல்லைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்ற வழக்கமும் இருந்ததாகக் கூறுவர். இளவட்டக்கல் சோதனைக்கு உரியது. கர்லாக்கட்டையும் தண்டாலும் பஸ்கியும் அன்றாடப் பயிற்சிக்கு உரியவை. கர்லாக்கட்டை ஒருமுனை பருத்தும் மறுமுனை கைப்பிடியாகக் குறுகியும் அமைந்த மரக்கட்டை ஆகும். இதைத் தலைக்குப் பின்னும் தோளைச் சுற்றியும் சுழற்றுவர். எடையின் பெரும்பகுதி கையிலிருந்து விலகி இருப்பதால், சிறிய கட்டையும் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் பெரிய சுமையாகிறது.

இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேயப் படையினர் வழியாகக் கர்லாக்கட்டை 19 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பரவியது. கட்டை சுழற்றுதல் 1904, 1932 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் விளையாட்டுகளில் போட்டியாகவும் இடம்பெற்றது.

சாண்டோவும் அஞ்சல்வழிக் கருவிகளும்

வீட்டுப் பயிற்சிக் கருவிகள் வணிகப் பொருளாகப் பரவியதில், பிரசியாவில் பிறந்து இங்கிலாந்தில் புகழ்பெற்ற யூஜின் சாண்டோவுக்குப் (1867-1925) பெரும்பங்கு உண்டு. நடுவில் சுருள்விற்கள் பொருத்தப்பட்டு, இறுகப் பிடித்தவாறே பயன்படுத்த வேண்டிய டம்பெல்களை இவர் தம் பெயரில் விற்றார். 1904-05 இல் இவர் மேற்கொண்ட பயணத்தில் இந்தியாவும் இடம்பெற்றது. அதன் பின் 'சாண்டோ' என்பது இங்கு வலிமையானவர்களுக்குரிய பட்டப்பெயராகவே ஆயிற்று. கோயம்புத்தூரைச் சேர்ந்த திரைப்படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரின் பெயரில் இதைக் காணலாம்.

1920 இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். முறையான பயிற்சி பெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் பள்ளிகளுக்குச் செல்ல இது வழிவகுத்தது. எனினும் வீட்டில் தனியே பயில விரும்பியோருக்கு விளம்பரங்களே பெரும்பாலும் வழிகாட்டிகளாக இருந்தன. 1960-களில் ஜெர்மனியில் உருவான புல்வொர்க்கர் என்னும் கருவி பின்னர் இந்திய இதழ்களிலும் விளம்பரம் செய்யப்பட்டது. விற்கம்பி அடங்கிய குழாயை இருபுறமும் அழுத்தியோ பக்கவாட்டுக் கயிறுகளை இழுத்தோ பயிலும் இக்கருவியில், செலுத்திய விசையைக் காட்டும் அளவுகோலும் இருந்தது. இதைத் தொடர்ந்து தொலைக்காட்சி வழியாக விற்கப்பட்ட வயிறு குறைக்கும் பட்டைகள் வந்தன. பயிற்சியே இன்றி மின்தூண்டலால் வயிற்றுத் தசையைச் செதுக்கலாம் என்று விளம்பரம் செய்த மூன்று பட்டைகளின் விற்பனையாளர்கள் மீது, ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2002 ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தது.

டிலோர்மின் முறை

சுமையைப் படிப்படியாகக் கூட்டுவது பழைய கருத்து ஆகும். கி.மு. 6 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மல்லர் மைலோ, ஒரு கன்றை நாள்தோறும் தூக்கிவந்து, அது முழு எருதாக வளர்ந்தபின்னும் தூக்கினார் என்று ஒரு கதை உண்டு. இக்கருத்தை மருத்துவ முறையாக வகுத்தவர் தாமஸ் டிலோர்ம் என்னும் அமெரிக்கப் படை மருத்துவர் ஆவார். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற படையினரின் முழங்கால் தசைகளை மீட்க, அவர்கள் சரியாக 10 முறை மட்டுமே தூக்கக்கூடிய எடையைக் கண்டறிந்து, வலு கூடக்கூட அந்த எடையையும் கூட்டினார். 1945 இல் இம்முறை வெளியிடப்பட்டது. 1948 இல் வாட்கின்சுடன் இணைந்து அதை மூன்று சுற்றுகளாகச் சுருக்கினார். அந்த எடையில் பாதி, முக்கால், முழுமை என மூன்று சுற்றுகளிலும் பத்துப் பத்து முறை தூக்க வேண்டும். வலுப்பயிற்சியில் இன்றும் வழங்கும் 'சுற்று', 'முறை' என்ற கணக்கின் வேரை இங்குக் காணலாம்.

செயற்படும் முறை

பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் தசை பெரிதாக வளர்வதில்லை. ஆயினும் தூக்கும் எடை கூடுகிறது. மூளையும் நரம்புகளும் ஏற்கனவே உள்ள தசை நார்களைக் கூடுதலாகவும் ஒருங்கிணைந்தும் இயக்கக் கற்றுக்கொள்வதே இதற்குக் காரணம் ஆகும். தசையின் பருமன் கண்ணுக்குத் தெரியும் அளவு கூடுவதற்குப் பெரும்பாலோர்க்கு இரண்டு முதல் மூன்று மாதங்கள் வரை ஆகும். முதல் மாத இறுதியில் கண்ணாடியைப் பார்த்து ஏமாற்றமடைந்து பலர் நிறுத்திவிடுவது, பயன் உள்ளுக்குள் தொடங்கிவிட்ட வேளையில்தான்.

தசை வளர்ச்சிக்கு மிகக் கனமான எடை கட்டாயம் இல்லை என்பது அண்மைக்கால ஆய்வுகளின் முக்கிய முடிவு ஆகும். ஒரு சுற்றில் 5 முறை மட்டும் தூக்கக்கூடிய கனமான எடையாயினும், 30 முறை தூக்கக்கூடிய இலேசான எடையாயினும், சுற்றின் முடிவில் மேலும் ஒன்றிரண்டு முறைக்கு மேல் முடியாது என்ற நிலை வரை சென்றால், தசைப் பருமன் ஏறக்குறைய ஒரே அளவில் கூடுகிறது. ஆனால் உச்ச வலுவை வளர்ப்பதற்குக் கனமான எடையே சிறந்தது. பெரிய எடைகளுக்கு வசதியில்லாத வீடுகளுக்கு இம்முடிவு சாதகமானது. 10 கி.கி. டம்பெலும் தண்டாலும் போதிய கடுமையுடன் செய்யப்பட்டால் தொடக்கநிலையினருக்குப் போதும்.

அன்றாட வேலைச்சுமை ஏன் இதற்கு ஈடாவதில்லை என்ற கேள்வியும் இங்கு எழுகிறது. நாள்தோறும் தண்ணீர்க் குடங்களையும் சந்தைப் பைகளையும் சுமப்பவரின் உடல், அச்சுமைக்குத் தேவையான வலுவைப் பெற்றதும் அங்கேயே நின்றுவிடுகிறது. குடத்தின் எடை மாதந்தோறும் கூடுவதில்லை. மேலும் அவ்வேலை சில தசைகளை மட்டும், பெரும்பாலும் ஒரு பக்கமாகவே பயன்படுத்துகிறது. ஒரே எடையுள்ள டம்பெலை ஆண்டுக்கணக்கில் அதே எண்ணிக்கையில் தூக்குபவரின் நிலையும் இதுவே. அவர் பெற்ற வலுவைக் காத்துக்கொள்கிறார், வளர்த்துக்கொள்வதில்லை.

கருவி வகைகள்

* மாற்றத்தக்க டம்பெல்: சிறு கம்பியில் தட்டுகளைக் கோத்துத் திருகாணியால் இறுக்குவது. 1.25, 2.5, 5 கி.கி. தட்டுகள் பரவலாகக் கிடைக்கின்றன. குறைந்த இடத்தில் பல எடைகளைத் தருவதால் வீட்டுக்கு மிகவும் ஏற்றது.
* நிலையான டம்பெல்: எடையை மாற்ற முடியாதது. 5 கி.கி. இணைக்கு அடுத்து 7.5 கி.கி. இணையை வாங்கினால் சுமை ஒரே தாவலில் 50 விழுக்காடு கூடிவிடும். சிறு தசைகள் இத்தாவலைத் தாங்கா.
* பார்பெல்: இரு கைகளாலும் தூக்கும் நீண்ட கம்பி. போட்டிகளில் பயன்படும் ஆடவர் கம்பி மட்டுமே 20 கி.கி. எடையும் 2.2 மீட்டர் நீளமும் கொண்டது. வீட்டுத் தொகுப்புகளில் 3 அல்லது 5 அடி நீளமுள்ள மெல்லிய கம்பிகளே தரப்படுகின்றன.
* பி.வி.சி. தட்டுகள்: நெகிழி உறைக்குள் சிமெண்டு போன்ற கலவை நிரப்பியவை. விலை குறைவு, துருப்பிடிக்காது. ஆனால் இரும்பைவிடத் தடிமனாக இருப்பதால் கம்பியில் விரைவில் இடம் தீர்ந்துவிடும். கீழே போட்டால் உறை வெடிக்கவும் கூடும்.
* மீள்பட்டை: இரப்பர்ப் பட்டை. இழுக்க இழுக்க எதிர்ப்பு கூடுகிறது. இலேசானது, பயணத்திலும் எடுத்துச் செல்லலாம். முதுகுக்கான இழுப்புப் பயிற்சிகளுக்கு மிகவும் உதவும். எத்தனை கிலோகிராம் விசை என்று துல்லியமாகக் கணக்கிட முடியாமை இதன் குறை.
* புல்-அப் கம்பி: உடல் எடையையே சுமையாகக் கொள்வது. முழுதாக ஏற முடியாதவர்கள், மேலே தாவி ஏறி மெதுவாக இறங்குவதன் மூலம் தொடங்கலாம்.
* பல்பயிற்சி இயந்திரங்கள்: கப்பிகளும் எடை அடுக்குகளும் கொண்டவை. பாதுகாப்பானவை, ஆனால் பேரிடம் கொள்வன. உரிய எடை அடுக்கு இல்லாத மலிவான இயந்திரங்களில் சுமை விரைவில் போதாமற்போகும்.

முதன்முதலாகத் தொடங்குபவருக்கு 20 முதல் 30 கி.கி. வரையிலான மாற்றத்தக்க டம்பெல் தொகுப்பு ஒன்றும், இரண்டு மூன்று மீள்பட்டைகளும் ஓராண்டுப் பயிற்சிக்குப் போதுமானவை. அதற்கு மேற்பட்ட கருவிகளை, தேவை தெரிந்தபின் வாங்குவதே சிக்கனம்.

பயிற்சித் திட்டம்

வீட்டுத் திட்டங்களில் பொதுவாகக் காணப்படும் குறை, கைக்கும் மார்புக்கும் மட்டும் பயிற்சி செய்து, முதுகையும் கால்களையும் விட்டுவிடுவது ஆகும். இதைத் தவிர்க்கப் பயிற்சிகளைத் தசைவாரியாக அன்றி இயக்கவாரியாகப் பிரிப்பது எளிது.

* தள்ளுதல்: தண்டால், டம்பெலைத் தலைக்கு மேல் உயர்த்துதல்
* இழுத்தல்: குனிந்தவாறு டம்பெலை இடுப்புக்கு இழுத்தல், புல்-அப்
* குந்துதல்: பஸ்கி, டம்பெலை மார்போடு அணைத்துக் குந்தி எழுதல்
* இடுப்பிலிருந்து குனிந்து தூக்குதல்: முதுகை நேராக வைத்துத் தரையிலிருந்து எடையைத் தூக்கும் டெட்லிஃப்ட்
* சுமத்தல்: இரு கைகளிலும் எடையைப் பிடித்து நடத்தல்

ஒவ்வொன்றிலும் ஒரு பயிற்சி, மூன்று சுற்றுகள், சுற்றுக்கு 8 முதல் 12 முறை, வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்கள் என்பது நல்ல தொடக்கம். சுமத்தலில் மட்டும் எண்ணிக்கைக்குப் பதிலாக அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை நடக்கலாம். சுற்றுகளுக்கிடையே இரண்டு நிமிட ஓய்வு கொண்டால், முழுப் பயிற்சியும் 40 முதல் 50 நிமிடங்களில் முடிந்துவிடும். பயிற்சி நாட்களுக்கிடையே ஒரு நாளேனும் இடைவெளி இருப்பது நன்று.

சுமையைக் கூட்டுவதற்கு எளிய வழி, முதலில் எண்ணிக்கையையும் பின்னர் எடையையும் கூட்டுவதாகும். டம்பெலை இடுப்புக்கு இழுக்கும் பயிற்சிக்கு ஓர் எடுத்துக்காட்டுப் பதிவு கீழே தரப்பட்டுள்ளது.

* 1 ஆம் வாரம்: 10 கி.கி.; 8, 8, 7 முறை
* 2 ஆம் வாரம்: 10 கி.கி.; 9, 8, 8 முறை
* 4 ஆம் வாரம்: 10 கி.கி.; 11, 10, 10 முறை
* 6 ஆம் வாரம்: 10 கி.கி.; 12, 12, 12 முறை
* 7 ஆம் வாரம்: 12.5 கி.கி.; 8, 8, 7 முறை

ஏழாம் வாரத்தில் எண்ணிக்கை மீண்டும் குறைவது பின்னடைவு அன்று. முதல் வாரத்தில் செய்த அதே 23 முறையை, இப்போது 25 விழுக்காடு கூடுதல் எடையுடன் செய்ய முடிகிறது. இந்த வேறுபாட்டைக் கண்ணாடி காட்டாது, பதிவேடே காட்டும். நாள், பயிற்சி, எடை, எண்ணிக்கை ஆகிய நான்கையும் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் எழுதிவருவது, எந்தக் கருவியையும்விடப் பயனுள்ளது எனலாம். மூன்று நான்கு வாரங்களாக எண்ணிக்கை சிறிதும் உயரவில்லையெனில், உறக்கம், உணவு, பயிற்சியின் கடுமை ஆகியவற்றுள் ஒன்று குறைவாக உள்ளது என்று கொள்ளலாம்.

பயிற்சி தடைப்படும் காலங்களும் உண்டு. தேர்வு, திருமணம், வெளியூர்ப் பயணம் போன்ற காலங்களில் வாரத்துக்கு ஒருமுறையேனும் அதே கடுமையுடன் பயின்றால், பெற்ற வலுவைச் சில வாரங்கள் வரை பெரும்பாலும் காத்துக்கொள்ளலாம். முற்றிலும் நிறுத்திவிடுவதே இழப்பைத் தரும்.

தாம்பரம், தெற்குப் புறநகர்ச் சூழல்

சென்னைக் கடற்கரை - தாம்பரம் மின்தொடர்வண்டிச் சேவை 1931 இல் தொடங்கியது. சுமார் 30 கி.மீ. நீளமுள்ள இப்பாதையை ஒட்டிப் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் ஆகிய ஊர்கள் வளர்ந்தன. 2021 இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளும் சிட்லபாக்கம், பெருங்களத்தூர் உள்ளிட்ட பேரூராட்சிகளும் இணைக்கப்பட்டுத் தாம்பரம் மாநகராட்சி உருவாக்கப்பட்டது. நகருக்குள் வேலைக்குச் சென்று திரும்புவோர்க்கு நாளின் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ பயணத்திலேயே கழிவதால், உடற்பயிற்சிக் கூடத்துக்கு எனத் தனியே நேரம் ஒதுக்குவது கடினம். கோவிட்-19 பெருந்தொற்றின்போது 2020 மார்ச்சில் மூடப்பட்ட உடற்பயிற்சிக் கூடங்கள், தமிழ்நாட்டில் ஆகஸ்டு 10 அன்றே மீண்டும் திறக்க அனுமதிக்கப்பட்டன. இக்காலத்தில் வீட்டுப் பயிற்சியை நாடியோர் பலர்.

இப்பகுதியின் வீடுகளில் கருவிகளைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியவை சில உள்ளன.

தளமும் ஒலியும்: இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடியிருப்பு அறைகளின் தளம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கி.கி. பயன்பாட்டுச் சுமைக்கு வடிவமைக்கப்படுகிறது. எனவே 30 அல்லது 40 கி.கி. தொகுப்பால் அடுக்ககத் தளத்துக்கு ஆபத்து இல்லை. ஆனால் எடையைக் கீழே போடுவதால் தரை ஓடுகள் உடையும். கீழ்வீட்டாருக்கு இடி போல் கேட்கும். தடித்த இரப்பர் விரிப்பும், எடையை மெதுவாக இறக்கும் பழக்கமும் இதற்குத் தீர்வு. மெதுவாக இறக்குவது தசைக்கும் நல்ல பயிற்சி ஆகும்.

சுவர்: புதிய அடுக்ககங்கள் பலவற்றில் இடைச்சுவர்கள் இலேசான காற்றடைத்த கற்காரைக் கட்டிகளால் கட்டப்படுகின்றன. இவற்றில் சாதாரணத் திருகாணியால் பொருத்திய புல்-அப் கம்பி, உடல் எடையில் பிடுங்கிக்கொண்டு வரக்கூடும். கற்காரைத் தூண் அல்லது உத்தரத்தில் பொருத்துவதே பாதுகாப்பானது. கதவுச் சட்டத்தில் பொருத்துவதாயின், சட்டம் மரத்தாலானதும் சுவரில் உறுதியாகப் பதிந்ததுமாக இருக்க வேண்டும்.

ஈரப்பதமும் வெப்பமும்: கடலோர ஈரக்காற்றும் வியர்வையும் இரும்புத் தட்டுகளைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. பயிற்சிக்குப் பின் உலர்ந்த துணியால் துடைத்து, மாதம் ஒருமுறை எண்ணெய் பூசுவது போதும். மீள்பட்டைகள் வெயில் படும் உப்பரிகையில் வைத்தால் விரைவில் வெடிப்புறும். மே மாதத்தில் மீனம்பாக்கத்தில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைக் கடக்கும் நாட்கள் உண்டு. அக்காலத்தில் விடியற்காலைப் பயிற்சியே ஏற்றது.

வெள்ளம்: 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் உள்ளிட்ட அடையாற்றுப் படுகைப் பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. இத்தகைய தாழ்வான பகுதிகளில் தரைத்தளத்தில் வசிப்போருக்கு, மின்சாரத்தால் இயங்கும் பெரிய இயந்திரங்களைவிட மேலே எடுத்து வைக்கக்கூடிய தட்டுகளும் பட்டைகளும் பொருத்தமானவை.

வீட்டிலுள்ள பொருள்கள்: தெற்குப் புறநகர்களில் பல வீடுகள் 20 லிட்டர் குடிநீர்க் கேன்களை வாங்குகின்றன. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கி.கி. ஆதலால், பழைய கேன் ஒன்றில் நீரின் அளவை மாற்றி, ஒவ்வொரு கிலோகிராமாகக் கூட்டத்தக்க சுமையைச் செலவின்றிப் பெறலாம். கேனை மார்போடு அணைத்துக் குந்தி எழுவதும், சுமந்து நடப்பதும் நல்ல பயிற்சிகள். நீர் உள்ளே அலைவதால் உடலின் நடுப்பகுதித் தசைகளும் உழைக்கின்றன. மூடி இறுக்கமாக இருப்பதையும் கையில் ஈரம் இல்லாதிருப்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். 25 கி.கி. அரிசிச் சிப்பமும் இவ்வாறே பயன்படும். சமையல் எரிவாயு உருளையை இதற்குப் பயன்படுத்துதல் ஆபத்தானது, அறவே கூடாது.

உணவும் ஓய்வும்

தசை வளரப் புரதம் தேவை. பொதுவான இந்தியருக்கு உடல் எடையில் கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தால் 2020 இல் பரிந்துரைக்கப்பட்டது. வலுப்பயிற்சி செய்வோருக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை பயன் தரும் என ஆய்வுகள் காட்டுகின்றன. 60 கி.கி. எடையுள்ளவருக்கு இது 72 முதல் 96 கிராம் வரை ஆகும்.

சோறும் இட்லியும் மிகுந்த உணவில் இந்த அளவு தானாகக் கிடைப்பதில்லை. ஆயினும் விலையுயர்ந்த புரதத் தூள்கள் கட்டாயம் அல்ல. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், அரை லிட்டர் பாலில் சுமார் 16 கிராம், 75 கிராம் பருப்பில் சுமார் 16 கிராம், ஒரு பிடி (30 கிராம்) நிலக்கடலையில் சுமார் 7 கிராம் புரதம் உள்ளது. மூன்று முட்டையுடன் இவற்றைச் சேர்த்தால் 57 கிராம் ஆகிறது. சோறு, இட்லி, காய்கறி ஆகியவற்றிலிருந்து கிடைப்பதையும் கூட்டினால், 60 கி.கி. எடையுள்ளவரின் தேவை ஏறக்குறைய நிறைவாகும். முட்டை உண்ணாதவர்கள் சுண்டல், தயிர், சோயா ஆகியவற்றின் அளவைக் கூட்டிக்கொள்ளலாம். சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டலாகாது.

தசை பயிற்சியின்போது வளர்வதில்லை. பயிற்சிக்குப் பின்னான ஓய்விலேயே வளர்கிறது. நாளொன்றுக்கு 7 முதல் 8 மணி நேர உறக்கம் பயிற்சியின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

பாதுகாப்பு

* நெஞ்சுவலி, உயர் குருதி அழுத்தம், குடலிறக்கம், நீரிழிவால் ஏற்பட்ட விழித்திரைப் பாதிப்பு ஆகியவை உள்ளோர் மருத்துவரின் ஆலோசனைக்குப் பின்னரே தொடங்க வேண்டும்.
* எடையைத் தூக்கும்போது மூச்சை அடக்கினால் குருதி அழுத்தம் வெகுவாக உயரும். தூக்கும்போது மூச்சை விடுவதும் இறக்கும்போது இழுப்பதும் பொதுவிதி ஆகும்.
* இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளை எடுத்துக்கொள்வோருக்குப் பயிற்சியின் பின் சர்க்கரை மிகவும் தாழக்கூடும்.
* புதிய பயிற்சிக்குப் பின் ஒன்று முதல் மூன்று நாட்கள் வரை தசையில் மந்தமான வலி இருப்பது இயல்பு. மூட்டில் குத்தும் வலியோ, சிறுநீர் கரும்பழுப்பாக மாறுவதோ இயல்பன்று. உடனே மருத்துவரைக் காண வேண்டும்.
* தனியாகப் பயில்வோர், மார்புக்கு மேல் கனமான பார்பெலைத் தூக்கும் பயிற்சியைத் தவிர்த்து டம்பெலையே பயன்படுத்துவது நன்று.
* திருகாணிகள் இறுகியுள்ளனவா, பட்டைகளில் வெடிப்பு உள்ளதா என்பதை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். சிறு குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் எடைகளை வைக்க வேண்டும்.

தவறான கருத்துகள்

வயிற்றுப் பயிற்சி வயிற்றுக் கொழுப்பைக் கரைக்கும்: ஒரு பகுதியின் தசையை இயக்குவதால் அப்பகுதியின் கொழுப்பு மட்டும் தனியே குறைவதில்லை. உணவின் வழி உட்கொள்ளும் ஆற்றல், செலவாகும் ஆற்றலைவிடக் குறையும்போது உடல் முழுவதும் கொழுப்பு குறைகிறது.

பெண்களுக்கு ஆண்களைப் போல் தசை புடைத்துவிடும்: பெண்களின் உடலில் டெஸ்டோஸ்டெரோன் அளவு ஆண்களைவிட மிகக் குறைவு. அவர்களுக்கு வலு நன்கு கூடும். ஆண்களைப் போன்ற பருமன் எளிதில் வராது. மாதவிடாய் நின்றபின் எலும்பு அடர்த்தி விரைந்து குறைவதால், பெண்களுக்கு இப்பயிற்சி மிகவும் தேவையானது.

இளம்வயதில் எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும்: மேற்பார்வையுடன், தகுந்த எடையில் செய்யப்படும் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதாகச் சான்று இல்லை.

நிறுத்தினால் தசை கொழுப்பாக மாறிவிடும்: தசையும் கொழுப்பும் வெவ்வேறு திசுக்கள், ஒன்று மற்றொன்றாக மாறாது. பயிற்சியை நிறுத்தியபின் தசை சுருங்குவதும், உணவைக் குறைக்காததால் கொழுப்பு கூடுவதும் ஒரே காலத்தில் நிகழ்வதால் இத்தோற்றம் உண்டாகிறது.

இவற்றையும் பார்க்க

* கர்லாக்கட்டை
* இளவட்டக்கல்
* தண்டால்
* எலும்புத் தசை
* நீரிழிவு நோய்
* தாம்பரம் மாநகராட்சி